மூன்றாவது மூட்டம்

விமான நிலையத்து மொட்டை மாடியில் நின்று
மலைகளை எண்ணுவது என் வேலை,
மணிக்கு ஒருமுறை.
கருவி ஒன்று உண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்.
போன வருடம் எறும்பு புகுந்ததிலிருந்து
அதை யாரும் நம்புவதில்லை.
ஆகவே நாங் மோ ஹோமின் இரண்டு கண்கள்.

தண்ணீர்த் தொட்டி, எண்ணூறு மீட்டர்.
குன்றின்மேல் வெள்ளைப் பகோடா, இரண்டு கிலோமீட்டர்.
செல்போன் கோபுரம், நான்கு.
பர்மாப் பக்கத்து முகடு, பதினொன்று.
தெரிவதை எழுதுவேன்.
தெரியாதது என் கணக்கில் வராது.

மூன்று மூட்டங்களின் ஊர் என்பார்கள் மே ஹோங் சோனை.
மழைக்கால மூட்டம்
காட்டிலிருந்து கிளம்பிக் காட்டுக்கே போய்விடும்.
குளிர்கால மூட்டம் ஏரிமேல் படுத்திருந்து
பத்து மணி வெயிலுக்குச் சோம்பல் முறிக்கும்.
அதைப் படமெடுக்க
பாங்காக்கிலிருந்து கம்பளிக் குல்லாயோடு வருகிறார்கள்.
மூன்றாவதற்குச் சுற்றுலாப் பலகையில் படம் இல்லை.
முதல் இரண்டும் தாமாக மூடியவை.
மூன்றாவது, மூட்டியது.

சட்டியின் அடியில் இருக்கிறோம்.
இரவு முழுக்கச் சரிவுகளிலிருந்து குளிர் வழிந்து
தெருக்களில் தேங்குகிறது.
அதன் மேல் சூடான காற்று
ஒரு தட்டைப் போலக் கவிழ்ந்துகொள்கிறது.
மார்ச்சில் காற்றுக்கு எங்கும் போகத் தோன்றுவதில்லை.
திங்கட்கிழமை எரித்த சோளத்தட்டை
வியாழக்கிழமையும் என் தலைமுடியில் இருக்கிறது.
கொடியில் காயும் சட்டையை
உதறி உதறி
மறுபடி துவைக்கவே போடுகிறேன்.

நெருப்பில்லாமல் புகையாது, சரி.
இங்கே ஆளில்லாமல் நெருப்பு.
சோளக்காரர் காளான் பொறுக்கிகளைச் சொன்னார்.
காளான் பொறுக்கிகள் சோளக்காரரை.
பிறகு இருவரும் சேர்ந்து
எல்லைக்கு அந்தப்புறம் கை காட்டினார்கள்.
காட்டிய திசையில் எதுவும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணி.
தண்ணீர்த் தொட்டி இல்லை.
கொடிக்கம்பம் இருந்தது, பாதி.
முந்நூறு என்று எழுதினேன்.
மேலே விமானத்தின் சத்தம்.
அங்கே நல்ல வெயில் என்றார் விமானி,
எங்களைக் குறை சொல்வதுபோல.
இரண்டு சுற்று சுற்றிவிட்டு
சியாங் மாய்க்கே திரும்பிப் போனார்.
அதில்தான் என் தங்கை இருந்தாள், ஏழு மாதம்.
மறுநாள் வேனில் வந்தாள்
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வளைவுகள்;
பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டாளாம்,
வாந்தியை.
'முந்நூறு என்று எழுதினது நீதானே' என்றாள்
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அந்த வாரம் பையன்களுக்குத் துறவுத் திருவிழா.
இளவரசர்களாக அலங்கரித்து
மாமன்மார் தோளில் தூக்கி வந்தார்கள்.
தலையில் பூக்கள், முகத்தில் முகமூடி.
ஒருவன் இருமுவதற்காகக் கழற்றினான்.
உட்புறம் முழுக்க உதட்டுச் சாயம்.
மத்தளக்காரர் மட்டும் மூக்கை மூடவில்லை,
தாளம் தப்பும் என்றார்.

மே மாதம் ஒரு பிற்பகல்
முதலில் ஆலங்கட்டி, பிறகு மழை.
தகரக்கூரையில் யாரோ கல்லெறிவதாக நினைத்து
தங்கை வெளியே ஓடி வந்தாள்.
ஐந்து மணிக்குத் தொட்டி.
ஐந்தேகாலுக்குப் பகோடா, கழுவி வைத்ததுபோல.
கோபுரம்.
கடைசியாக முகடு,
அதன் விலாவில் கறுப்புக் கறுப்பாகத் தீய்ந்த திட்டுகள்.
பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாரம் கழித்துச் சந்தையில் அந்தக் காளான் வந்தது.
கோலிக்குண்டு அளவு, மண் ஒட்டிய உருண்டைகள்,
தகரப் படியில் அளந்து.
அடிக்காடு எரிந்தால்தான்
இது கண்ணில் படும் என்றாள் பா திப்,
படியைத் தட்டித் தட்டி நிரப்பிக்கொண்டே.
விலை கோழிக்கறியைவிட அதிகம்.
ஒரு படி வாங்கினேன்.

வேப்பந்துளிர் மாதிரி ஏதோ ஒரு கசப்புக் கீரையோடு
குழம்பு வைத்தேன்.
பல்லில் மொறுக்கென்று உடைந்தது.
சிலது உள்ளே வெள்ளை,
முற்றினது கரிப்பொடி.
யாரும் எதுவும் பேசவில்லை.
தங்கை இன்னொரு கரண்டி கேட்டாள்,
தனக்கில்லை,
வயிற்றில் இருப்பது கேட்கிறதாம்.