இரண்டு முதல் நான்கரை வரை

மின்வெட்டு அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில்.
நான்காம் கட்டம்; சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவுக்கு
இரவு இரண்டு முதல் நான்கரை.

அலாரம் வேண்டாம்.
கருவியின் இரைச்சல் அடங்கினால் போதும்,
எனக்கு விழிப்பு வந்துவிடும்.
முகமூடியைக் கழற்றி மேஜையில் வைப்பேன்,
நூற்றுப் பதினெட்டு கிலோ பூபாலனை
முழங்கால் முட்டி இடப்பக்கம் புரட்டுவேன்,
பிறகு எண்ணுவேன்.

குறட்டைக்கு நான் பயந்ததில்லை.
அது ஆள் இருக்கிற சத்தம்.
குறட்டை நின்றதும் வருமே ஒன்று, அதுதான்.
ஏழு. பதினொன்று. பத்தொன்பது.
ஒருநாள் முப்பத்தொன்றில்
கன்னத்தில் அறைந்தே விட்டேன்.
எழுந்து உட்கார்ந்து, "சுங்கச்சாவடி வந்துடுச்சா?" என்றார்.

துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு
இருபது வருடம் பெட்டி இழுத்த லாரிக்காரர்.
மூயி ரிவர் சாவடிக்கு முன்னால்
கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறார்.
கம்பெனி சாவியை வாங்கி வைத்துக்கொண்டது.
மருத்துவமனையில் கழுத்தளவு எடுத்தார்கள்,
சட்டைக்கில்லை.

டாக்டர் ம்கீஸே சொன்னவை கொஞ்சம்தான்:
நட. வெள்ளிக்கிழமை பிராந்தியை விடு.
மல்லாந்து படுக்காதே.
பழைய பனியன் முதுகில் பை தைத்து
டென்னிஸ் பந்து ஒன்றை வைத்தேன்.
முதல் இரவு பந்தைத் திட்டினார்,
இரண்டாம் இரவு என்னை.

நடை, முதல் வாரம், கசாப்புக் கடை வரை.
அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு
ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு திரும்பினார்.
மூன்றாம் மாதம் சில்வர்கிளென் மேடு.
ஹடிடா பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போக
"இதுங்களுக்கும் இந்த வியாதிதான்" என்கிறார்.

தொண்டைச் சதைக்கும் பயிற்சி உண்டாம்.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிடிக்க வேண்டும்,
உயிரெழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும்.
"ஐந்து போதும்" என்றாள் பயிற்சிக்காரப் பெண்.
"எங்க கிட்ட பன்னிரண்டு இருக்கு" என்று
நெஞ்சை நிமிர்த்தினார்.
மாலையில் கொல்லைப்புறத்தில் நின்று
அ, ஆ, இ, ஈ…
பதினொன்றில் மாட்டிக்கொண்டார்.
பன்னிரண்டாவதை
பக்கத்து வீட்டு நாய் முடித்துவைத்தது.

ஒன்பது கிலோ இறங்கியது.
தீபாவளி வாரம் இரண்டு ஏறியது.
என் எண்ணிக்கை இருபதுக்குள் வந்தது,
சில இரவு பத்துக்குள்.
கருவியை எடுத்துவிடலாமா என்றதற்கு
டாக்டர் தலையசைக்கவில்லை.

நேற்றும் இரண்டு மணிக்கு இருட்டு.
புரட்டப் போனேன், அவரே புரண்டிருந்தார்.
எண்ண ஆரம்பித்தேன். மூன்று. நான்கு.
அதற்கு மேல் ஞாபகமில்லை.

விடிந்தபோது கட்டில் ஓரத்தில்
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.
"ராத்திரி நீ குறட்டை விட்டே."
"எழுப்பியிருக்கலாமே."
"ஏன்? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

கேட் சாத்தும் சத்தம்.
மின்சாரம் எப்போது வந்ததோ,
மேஜைமேல் கிடந்த முகமூடிக்குள்
கருவி ஊதிக்கொண்டே இருந்தது,
யாருக்காகவும் இல்லாமல்.