நாற்பதடிப் பெட்டி

சாம்பல் புதன் காலைப் பூசையில்
நெற்றியில் வாங்கிய சிலுவை
மணலி யார்டுக்குள் நான் நுழைவதற்குள்
வேர்வையோடு மூக்குத்தண்டுக்கு இறங்கியிருந்தது.
"இன்னா சார், மூஞ்சில கரி?" என்றான் கேட்டில் லோகு.

என் வேலை பழுது பார்ப்பது.
நீங்கள் நினைப்பது போல் அல்ல.
பார்ப்பது மட்டும்தான். சரிசெய்ய வெல்டர்கள் இருக்கிறார்கள்.
துறைமுகத்திலிருந்து திரும்பும் காலிப் பெட்டிகளைச்
சுண்ணக்கட்டியும் டேப்புமாகச் சுற்றி வருவேன்.
பள்ளம். துரு. கீல் வளைவு.
கண்ட இடத்தில் ஒரு வட்டம்.
இருபது வருடம் வட்டம் போட்ட கை
ஷிப்ட் முடிந்தாலும் கூடவே வீட்டுக்கு வரும்.

அன்று மாலையே
பின்னக் கணக்கில் தடுமாறிய ஜெனிட்டாவின் விரல்மேல்
ஸ்கேலை இறக்கினேன்.
முட்டாள் என்றேன்.
அவள் அழவில்லை. என் நெற்றியையே பார்த்தாள்.
அங்கே கொஞ்சம் சாம்பல் மிச்சமிருந்தது.

இரவு எனக்குள் ஒருவன்
சுண்ணக்கட்டியோடு சுற்ற ஆரம்பித்தான்.
கூரை, அடித்தளம், நான்கு மூலை.
போன தவக்காலத்திலும் இதே வாக்குதானே கொடுத்தாய் என்றான்.
அண்ணன் சாவுக்கு ஒரு நாள் பிந்திப் போனது,
சீட்டுப் பணத்தில் ரெஜினாவுக்குத் தெரியாமல் எடுத்த நாலாயிரம்,
எதையும் விடவில்லை.
கழித்துவிடு, எடைக்குப் போடு என்று எழுதி
அடியில் கையெழுத்தும் போட்டான்.
கையெழுத்து என்னுடையது.

இதுதான் தவம் என்று நம்பியிருந்தேன்.
கறியை விடுவதெல்லாம்
காசிமேட்டில் பிறந்தவனுக்கு ஒரு ஒறுத்தலா,
வஞ்சிரம் இருக்கும்போது?
அதனால் வருடா வருடம்
என்னையே பிய்த்துத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை.
மூன்றாம் நிலையில் விழுகிறார். ஏழில் விழுகிறார்.
ஒன்பதில் திரும்பவும்.
விழுந்த கணக்கைச் சரியாக வைத்திருக்கிறார்கள்.
ஏனடா விழுந்தாய் என்று
அவர் தம்மையே வைதுகொண்டதாகப்
பதினான்கு படத்தில் ஒன்றிலும் இல்லை.
முழங்கால் வலியில் அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் வந்தது ஒரு நாற்பதடி.
எத்தனை கடலோ, உடம்பெல்லாம் ஒட்டு.
வெளிச்சச் சோதனைக்கு உள்ளே போய் நின்றேன்.
லோகு வெளியிலிருந்து கதவைச் சாத்தினான்.
கும்மிருட்டு. அடுப்புச் சூடு.
எப்போதோ ஏற்றிய மிளகாயின் நெடி.
பாவசங்கீர்த்தனத் தொட்டி கொஞ்சம் நீண்டால் இப்படித்தான் இருக்கும்.

கண் பழகியதும்
கூரையில் ஒன்று. இடப்பக்கம் இரண்டு, கடுகளவு.
வெயில் ஊசியாக இறங்கி என் சட்டையில் குத்தி நின்றது.
அழகுதான்.
அதற்காக ஓட்டையைப் புகழ முடியாது,
மழையும் அதே வழியாகத்தான் வரும்.

ஆனால் ஒன்று தோன்றியது.
இத்தனை வருடத்தில்
ஒரு பெட்டியையும் நான் திட்டியதில்லை.
ஓட்டை மூன்று, ஒட்டுப் போடவும் என்று எழுதுவேன்.
மூன்றரை சென்டிமீட்டர் வரை பள்ளம் இருந்தால்
அளவுக்குள் என்று எழுதுவேன்.
பிறகு அதன் விலாவில் ஒரு தட்டு தட்டிக்
கடலுக்கு அனுப்பிவிடுவேன்.
இரும்புக்குக் கொடுத்ததை
எனக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"சார், முடிஞ்சிதா?" தகரத்தைத் தட்டினான் லோகு.
"இருடா" என்றேன்.
குரல் கம்மியிருந்தது. நல்லவேளை, இருட்டு.

அன்றிரவு ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அப்பா அடிச்சது தப்பு என்றேன்.
உம் என்றாள், நிமிராமல்.
சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துத்
தரையில் வட்டம் போட்டேன்.
நாலாகப் பிரித்தேன். ஒரு பங்கை அழித்தேன்.
மிச்சம் எவ்வளவு?
வெகுநேரம் பார்த்துவிட்டு
"அரை" என்றாள்.

கை ஸ்கேல் இருக்கும் பக்கம் போனது.
பாதியில் நின்றது.

பார்த்தேன். எழுதிக்கொண்டேன்:
பள்ளம், ஒன்று.
அளவுக்குள்.