எண்ணெய்க் கணக்கு

மாதம் ஒருமுறை படகில் போய்
சூரியத் தகட்டில் பறவை எச்சம் துடைப்பது என் வேலை.
பினாங்குத் துறைமுகத்தின் தெற்கு வாயிலில்
தென்னை உயரம்கூட இல்லாத விளக்கு.
வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை,
மூன்று நொடிக்கொரு மினுக்கு என்பதோடு சரி.

கீழறையில், பிஸ்கட் டின்னுக்குள்,
காவலாளி சவரிராயன் எழுதிய பேரேடு.
கரப்பான் தின்றது போக மீதி:
"மண்ணெண்ணெய் இரண்டு காலன். திரி வெட்டினேன்.
தென்மேற்குக் காற்று. நாகப்பட்டினக் கப்பல் ஒன்று."
அவ்வளவுதான்.
அதில் எத்தனை பேர், யார் வாங்கிய கடனுக்கு யார்,
ஜெரெஜாக் தீவில் எத்தனை நாள் அடைத்துவைத்தார்கள்,
விளக்கு கேட்கவில்லை.
அவரும்.

கலம் கரை விளக்கம்.
கரைதல் என்றால் அழைத்தல்.
உப்புப்போல் இல்லாமல் போவதும்
கரைதல்தான்.

நாற்பத்தொன்று டிசம்பர்:
"ஏற்றவில்லை. உத்தரவு."
மறுநாளும் அதே.
அதற்கடுத்த நாள் "ஏற்றவில்லை" மட்டும்.
உத்தரவு போட்டவர்கள் அதற்குள்
இரவோடு இரவாகக் கப்பலேறியிருந்தார்கள்.

பிறகு பக்கம் பக்கமாக வெற்றுக் கட்டங்கள்.
அச்சடித்தவை அல்ல.
தாள் தீர்ந்ததும்
அரிசிச் சாக்குக் காகிதத்தில்
அடிமட்டம் வைத்து அவரே கோடு கிழித்திருக்கிறார்,
ஒன்றுமில்லை என்பதைப் போட்டுவைக்க
ஓர் இடம் வேண்டுமே.

நாற்பத்தைந்து செப்டம்பர். கரிக்கட்டை எழுத்து:
"தேங்காயெண்ணெய் அரைப் போத்தல், வீட்டிலிருந்து.
காற்று இல்லை.
கப்பல் இல்லை.
ஏற்றினேன்."