வளையத்துக்கு இவ்வளவு

ரோமில், ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
ஒரு காலத்தில் மாவு மில்லாக இருந்த கட்டடத்தின்
நிலவறையில் குரல் கொடுக்கிறேன்.
படச்சுருளைத் துண்டாக வெட்டி
முனையோடு முனை ஒட்டி
வளையமாக ஓடவிடுவார்கள்.
வளையத்துக்கு இவ்வளவு லிரா என்று கூலி.
அலறல் வசனத்தில் சேராது.
அதற்குத் தனிக் காசு கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில் இது ஐந்தாவது
ரத்தக்காட்டேரிப் படம்.
அவனுக்கு நான்கு சொல் நீளத்துக்குப் பெயர்,
கோட்டை, வம்சம்,
ஓநாய்த்தலை செதுக்கிய சவப்பெட்டி.
என் தாளில் 'இரண்டாம் பெண்' என்றிருக்கிறது.
அவளுக்கு ஓர் இரவு உடை.
அதுவும் கடைசிவரை முழுசாக இருப்பதில்லை.

கடிபடுவதற்கு முன்
கழுத்துவரை பொத்தான்.
பயமாக இருக்கிறது டாக்டர்.
ஜன்னலைச் சாத்துங்கள்.
உங்கள் இஷ்டம்.
இவ்வளவுதான் பேச்சு.
கடிபட்ட மறுநாள்
ஜன்னலை அவளே திறக்கிறாள்,
வேண்டும் என்கிறாள்.
என்ன வேண்டும் என்பது எழுதியவருக்கும் தெரியவில்லை.
வேண்டும்,
பக்கத்தில் மூன்று புள்ளி.
பதினோரு வருஷத் தொழிலில் கண்டது:
செத்த பிறகுதான் இவளுக்கு
வாயில் வைத்துப் பேசத் தகுந்த ஒரு வசனம்.

கண்ணாடியில் உருவம் விழாதாம்.
அப்படியென்றால் உதட்டுச்சாயத்தை
இத்தனை பிசகாமல் தீட்டியது யார்
என்று கேட்டேன்.
இயக்குநர் காஸ்தோனே சிரித்தார்.
கண்ணாடிதான் கேமராவுக்குப் பின்னால்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறதே
என்றான் எர்மெதே,
ஒலிப்பதிவுக் குமிழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் குடிக்கும்போது பின்னணியில் வயலின்.
காலத்தின் சாபம், தனிமை, இத்யாதி.
அவள் குடிக்கப் போனால்
ஊரே பந்தம் கொளுத்திக்கொண்டு வந்துவிடும்.
அவள் குடித்து முடித்து
நான் பார்த்ததே இல்லை.
வாயைத் திறப்பாள். பல் தெரியும்.
சிரித்தால் போச்சு என்பார்களே,
அதோடு அவள் கதை முடிந்தது.

ஏழாவது வளையம்.
பெட்டிக்குள்ளிருந்து எழுகிறாள்.
நெஞ்சிலிருந்து ஒரு முனகல் கொடு நிவெஸ், என்றார்கள்,
ஆசையாக.
காலையிலிருந்து நான் சாப்பிட்டது
ஒரு கோப்பைக் காப்பி.
மாதவிலக்கின் மூன்றாம் நாள்.
அடுப்புக் குழாய் பழுதாகி நிலவறை விறைத்துக் கிடந்தது.
அவள் வாய் திறந்தாள்,
நான் திறப்பதற்குள்
என் வயிறு உறுமியது.

முள் சிவப்புக்குத் தாவியது.
மறுபடி, என்றான் எர்மெதே.
மறுபடியும் வயிறு.
மூன்றாம் முறையும் அதுவே முந்திக்கொண்டது.
இன்னொரு மணி நேரத்துக்குத்
தயாரிப்பாளர் பணம் தரமாட்டார்.
இருக்கட்டும் விடு, என்றார் காஸ்தோனே,
மிருகம் மாதிரித்தான் கேட்கிறது.

பத்தாவது வளையத்தில் ஆப்பு.
நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று
படம் தொடங்கியபோது நடுங்கியவளை
இப்போது நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள்.
நிச்சயிக்கப்பட்டவன், டாக்டர், பாதிரி,
இன்னொருவன் யாரென்று கடைசிவரை சொல்லவில்லை,
சுத்தியல் அவனுடையது.
அலறினேன்.
பிறகு முகம் தெளியும்,
பார், எத்தனை அழகாகிவிட்டாள், என்பான் நிச்சயிக்கப்பட்டவன்.
அங்கே ஒரு பெருமூச்சு வேண்டும்,
நன்றி சொல்வதுபோல.
கொடுத்தேன்.
வாடகை இரண்டு மாதம் பாக்கி.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை
தெஸ்தாச்சோவில் மலிவு டிக்கெட் கொட்டகை.
கடைசி வரிசையில் இருந்தேன்.
பெட்டி திறந்தது. எழுந்தாள்.
கொட்டகை முழுக்க என் வயிறு கேட்டது.
எங்கோ ஒரு பையன் சிரித்தான்.
எனக்கு முன் இருக்கையில்
மீன் செதில் ஒட்டிய கம்பளிச் சட்டையில் ஒரு பெண்,
வறுத்த பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தவள்,
கொறிப்பதை நிறுத்தினாள்.
நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.
தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே
மடியிலிருந்த பொட்டலத்தைத்
திரைப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.