கோரம்

ஒன்பது பேர் நிர்வாகக் குழு.
ஐந்து பேர் இருந்தால் கூட்டம்.
நாங்கள் நாலு பேர்.

பத்தாவது கொண்டை ஊசி வளைவில்
கார் கொதித்து நிற்கிறது என்று
பொருளாளர் தேவசகாயம் போன் செய்தார்,
பாதியில் குரல் அறுந்தது.
மற்றவர்கள் காரணம் அனுப்பியிருந்தார்கள்:
ஒரு நிச்சயதார்த்தம், ஒரு காது வலி,
செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு இறங்கும் நாள்.
ஒருவர் வெறும் கும்பிடு பொம்மை.

ஏற்காட்டில் எங்கள் சங்கத்து விடுதி.
முப்பத்திரண்டு கட்டில், மேலொன்று கீழொன்று.
தலைவர் மெஹருன்னிசா
அஸ்தம்பட்டியில் பல் டாக்டர்;
ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு
யாரும் வாய் திறக்காத நாள்,
அதையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.
நான் கௌரவச் செயலாளர்.
கௌரவம் என்றால்
பஸ் டிக்கெட்டும் என் காசு என்று பொருள்.

மினிட் புத்தகத்தைத் திறந்து
"கோரம் இல்லை" என்றேன்.
டீ கொண்டு வந்த வார்டன் சடையப்பன்
ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
"கோரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க,
வெறும் பனிதான், பத்து மணிக்குக் கலைஞ்சிரும்."

யாரும் சிரிக்கவில்லை.
அவருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
பொருள் எண் ஒன்று அதுதான்.
சங்கத்தில் சம்பளத்துக்கு இருக்கிற ஒரே மனிதர்
சம்பளம் இல்லாமல் இருக்கிறார்;
அப்படிப் பார்த்தால்
எங்கள் எல்லாரையும் விட அவர்தான் தொண்டர்.

விதி பதினேழு, உட்பிரிவு இ:
கோரம் இல்லையேல் அரை மணி ஒத்திவைக்க.
அதன் பின் வந்திருப்போரே கோரம்.
எழுதியவர் யாரோ,
மலைப்பாதையில் காத்துக் கிடந்தவராக இருக்க வேண்டும்.

தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.
துப்பட்டாவை இறுக்கிக் கட்டினார்.
"அந்தத் தொட்டியைத்தான் பார்ப்போமே."

தண்ணீர்த் தொட்டிக்குப் போன கூட்டத்தில்
மூவர் துணைக்குழு அமைத்தோம்.
அதற்கு முந்தியதில் மதிப்பீடு கேட்டோம்.
அதற்கும் முந்தியதில் வருத்தம் தெரிவித்தோம்.
இப்போது ஜவ்வரிசித் தரகர் திருமேனிநாதன்
ஐம்பத்தெட்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டி,
ஏணியில் ஏறுகிறார். ஏணியைத் தலைவர் பிடித்திருக்கிறார்.
முழங்கை வரை கையை விட்டு
வெளிக்குழாய் வாயிலிருந்து எடுத்தது
சில்வர் ஓக் இலைகள், ஒரு பிடி.
ரசீதைப் பார்ப்பதுபோல் இருபுறமும் பார்த்தார்.
கீழே எங்கோ ஒரு குழாய்
இருமியது, துப்பியது, பிறகு பேசத் தொடங்கியது.

நானும் தமயந்தியும் கம்பளி எண்ணினோம்.
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில்
சலங்கை மணி எண்ணிப் பழகிய விரல்கள் அவளுக்கு;
எனக்கு முன்னால் முடித்துவிட்டாள்.
இருப்பேட்டில் அறுபத்து நாலு,
அலமாரியில் அறுபத்தொன்று.
மூன்றைக் காணோம் என்று எழுதப் போனவன் கையைப் பிடித்து
கடைசிக் கட்டிலைக் காட்டினாள்.
ஹாசனிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பையன்
மூன்றையும் போர்த்தித் தூங்குகிறான்,
ஒற்றைக் கால் மட்டும் வெளியே.
"சரி" என்று எழுதினோம்.

மணி பத்தே முக்கால். மேசைக்குத் திரும்பினோம்.
எல்லார் கையும் ஈரம்; புத்தகத்தின் ஓரம் கொஞ்சம் ஊறியது.
சம்பளத் தீர்மானம் ஒரு நிமிடத்தில் நிறைவேறியது.
காசோலையில் தலைவர் கையெழுத்திட்டார்.
இரண்டாவது கையெழுத்து
பத்தாவது வளைவில் பானட்டைத் திறந்து வைத்து நிற்கிறது.

சடையப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்து லிட்டர் கேனைக் குழாயடியில் வைத்தார்.
நிறைந்தது.
தன் சம்பளத்தைத் தானே மடித்துச் சட்டைப்பையில் போட்டு
எக்ஸ்எல்லை உதைத்துக் கிளப்பிப் பனிக்குள் இறங்கினார்.
ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்ன் கேட்டது;
ஏழு வரை எண்ணினேன்.

பிறகு எழுதினேன்:
"கோரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டு
அரை மணிக்குப் பின் மீண்டும் கூடியது."
இரண்டு வினைக்கும் நடுவில் ஒரு சொல்கூட விதிப்படி வராது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.
தொட்டித் துணைக்குழுவைக் கலைக்கவில்லை.
இன்னும் இருக்கிறது.
உறுப்பினர் மூவர். அறிக்கை நிலுவையில்.