நாலு செக்கன்

முதலில் கன்னியாவுக்குத்தான் போனேன்.
வெந்நீர் என்றால் வெளிச்சமாய் விழும் என்ற
அரைகுறை அறிவு.
ஏழு கிணறும் கன்னங்கரேலென்று வந்தன,
தார் ஊற்றி வைத்தது போல்.
குளித்துக்கொண்டிருந்த பெடியன் மட்டும்
மெழுகு முகத்தோடு சிரித்தான்.
சூடு வேறு, இது வேறு.

டிஜிட்டலைத் திறந்தது கிண்ணியா ஹில்மி.
போன் திருத்துகிற மேசையில்
மூச்சை அடக்கி,
சென்சருக்கு முன்னாலிருந்த நகமளவு கண்ணாடியை
இடுக்கியால் தூக்கினான்.
“இதுதான் இவ்வளவு நாளும் மறிச்சு வச்சது.”
கூலி, ஒரு கிலோ இறால்.

பழைய கமராவுக்கு ஒரேயொரு ரோல்.
காலாவதியாகி ஒன்பது வருசம்.
குளியலறைக் கதவிடுக்கில் துவாய் அடைத்து
போர்வைக்குள் விரல்களால் பார்த்துப் பார்த்து ஏற்றினேன்.
லென்ஸுக்கு மாட்டுகிற சிவப்புக் கண்ணாடி
சூரியனுக்கு நேரே பிடித்தால்
பீட்ரூட் கறியின் அடிச்சட்டி,
மற்றப்படி கறுப்பு.
குறிபார்த்த பிறகு அதை மாட்டு.
வளையத்தைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பு.
மிச்சம் கடவுள் விட்ட வழி.

கோணேசர் மலைக்கு எல்லோரும்
விடியலிலும் அந்தியிலும் போவார்கள்.
எனக்கு உச்சிவெயில் வேண்டும்.
அப்போதுதான் கோட்டை ஆலமரம்
சுண்ணாம்பில் தோய்த்தெடுத்ததாய் வெளுக்கும்.
வானம் மை. கடல் அதைவிட மை.
மான்கள் புள்ளிகளைத் தொலைத்துவிட்டு
ஆடுகளாய் மேயும்.

வாசலில் நின்ற சிப்பாய் மறித்தான்.
“மொக்கத மே?”
திரையைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் மரத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தான்.
“என்னையும் ஒண்டு.”

எடுத்தேன்.
சட்டை, தொப்பி, பின்னாலிருந்த பற்றை
இலையோடு இலையாய்
வெளுத்தும் கறுத்தும் ஒன்றாய்க் கிடந்தன.
நெஞ்சுப்பை மட்டும்
ஒரு புள்ளியுமில்லாமல் வெள்ளைவெளேர்.
கண்ணுக்கு அதே பச்சை, அதே கோலம்.
குனிந்து பார்த்தான். விரலால் தடவினான்.
“கிழிஞ்சது. கடைத் துணி. நான்தான் தச்சது.
சேர் பாத்தும் தெரியல்ல.”
அழிக்கச் சொன்னான்.
அழித்தேன்.

“பிலிமில் ஒன்று? நாலு செக்கன், ஆடக்கூடாது.”
பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்,
சத்தியம் செய்கிறவன் போல.
ஒன்று. இரண்டு.
ஜீப் ஹோர்ன்.

முப்பத்தாறில் பதினான்குதான் தேறின.
அதில் இது ஒன்று.
வாசல் இருக்கிறது, மரம் இருக்கிறது,
காவலுக்கு ஆளில்லை.
இருட்டின் நடுவில்
ஒரு சட்டைப்பை அளவு வெள்ளை
எழும்பி, பக்கவாட்டில் இழுபட்டுப் போகிறது.

பிரின்ட் போட்டுக் கொண்டுபோனேன்.
வேறொருவன் நின்றான்.
முன்னவனின் பெயரை
நான் கேட்டுவைக்கவில்லை.
படத்தை வாங்கித் தூரப்பிடித்தான், கிட்டப்பிடித்தான்.
வெள்ளையின் மேல் நகத்தை வைத்து
“இது என்ன?”
கறை, என்றேன்.
பழைய பிலிம் அப்படித்தான்.