இடப்பத்தியில் இல்லாத சொல்

மூசி ஆற்றின் அடியில் ஃபட்லுன் இருக்கிறான்.
மேலே நான்,
கம்ப்ரசரின் இரைச்சலுக்குப் பக்கத்தில்,
மஞ்சள் ரப்பர் குழாயை இரு விரல்களில் ஓடவிட்டபடி.
ஒரு இழுப்பு என்றால், தளர்த்து.
இரண்டு என்றால், கூடையைத் தூக்கு.
மூன்று இதுவரை வந்ததில்லை.

மடியில் ஒரு ஜெராக்ஸ் தாள்.
போன மாதம் அவன் அள்ளிவந்த ஈயத் தகட்டை
ஜம்பியிலிருந்து வந்த ஹெர்லினா பல்துலக்கும் பிரஷால் கழுவினாள்.
சுருட்டிய இலையளவு தகடு,
மேலே எறும்பு நடந்துபோன மாதிரி எழுத்து.
பதினோரு சொல் படிக்க முடிந்ததாம்:
ஆறு கப்பலில் வந்தவை,
ஐந்து இங்கேயே கிடந்தவை.
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
இரண்டு பத்தியாக எழுதித் தந்துவிட்டு பஸ் ஏறினாள்.
இடப்பக்கம் சமஸ்கிருதம்.
வலப்பக்கம் நாங்கள் சண்டை போடுவது.

ஸ்வாமி என்றால் அங்கே உடையவன், ஆண்டவன்.
இங்கே சுவாமி, வெறும் புருஷன்.
என்னை உடையவன் இப்போது சேற்றில் மண்டியிட்டிருக்கிறான்,
அவன் மூச்சு என் கையில்.
குழாயை லேசாக மடித்தால் தெரிந்துவிடும்
யாருக்கு யார் ஆண்டவன் என்று.
(மடித்ததில்லை. நேற்று அவன் தட்டை வீசிய பிறகும்.)

ஸ்த்ரீ அங்கே எந்தப் பெண்ணும்.
கரையேறியதும் இஸ்த்ரி, ஒருவனுடைய மனைவி.
இதை யாரைக் கேட்டுச் செய்தார்கள்?

லக்ஷம் கப்பல் ஏறும்போது நூறாயிரம்,
இறங்கும்போது எங்கள் லக்சா பத்தாயிரம்தான்.
பத்தாயிரமாய் ஏறிய அயுதமோ
ஜுத்தா என்று பத்து லட்சமாய் வந்து குதித்தது.
சந்தையில் பழைய செம்பு நிறுக்கும் மாங் சுலூனின் தராசும்
அதே கப்பலில் வந்திருக்கும்.

சாயா அங்கே நிழல்.
எங்கள் சஹாயா வெளிச்சம்.
ஓரத்தில் பென்சிலால் ஹெர்லினா:
'பளபளப்பு என்றும் ஒரு பொருள் உண்டு, அவசரப்படாதீர்கள்.'
சிந்தா அங்கே யோசனை, கவலை.
இங்கே காதல்.
இதில் என்ன மாறியது என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கே ஒரு பெயருக்கு எட்டு வேற்றுமையாம்.
ஒருவர், இருவர், பலர் என்று மூன்று கணக்கு.
எங்கள் ஆட்கள் வாலையெல்லாம் நறுக்கி
மீன் ஆய்கிறவர்களைப் போல ஆற்றிலேயே எறிந்துவிட்டார்கள்.
பல வேண்டுமா, இருமுறை சொல்.
ஆனால் கண்ணை இருமுறை சொன்னால்,
மாத்தா-மாத்தா,
கண்கள் இல்லை, ஒற்றன்.

அத்தனை வால் இருந்தும்
'நாம்' வேறு 'நாங்கள்' வேறு என்று
அந்த மொழி பிரிப்பதில்லையாம்.
அந்த ஊரில் கடனை எப்படிக் கேட்பார்கள்?
'நம் படகு' என்று அவன் அண்ணனிடம் சொல்லிவிட்டு
ஒரு வருஷம் நான் பட்டது எனக்குத் தெரியும்.

நோன்பு, பாவம், அதன் கூலி,
புவாசா, டோசா, பஹாலா,
எல்லாம் வந்த சரக்கு.
சொர்க்கத்தையும் நரகத்தையும்கூட இறக்கி வைத்திருக்கிறார்கள்.
இடப்பக்கம் நிறைந்து வழிகிறது.
மீனுக்கு, மழைக்கு, சேற்றுக்கு, சாவுக்கு மட்டும்
அங்கே ஒரு சிறு கோடு.
அவற்றை யாரும் ஏற்றிவரத் தேவைப்படவில்லை.

அம்பேரா பாலத்தின் நிழல் படகைத் தாண்டிவிட்டது.
நாற்பது நிமிஷம்.
அடுத்த படகிலிருந்து ரோஸ்னா கத்துகிறாள்:
"ஏறிட்டானா?"

புலும்.

இன்னும் இல்லை என்பதற்கு எங்களிடம் இந்த ஒரே சொல்.
கல்யாணம் ஆச்சா, பிள்ளை உண்டா, கடன் தீர்ந்ததா,
எதற்கும் நாங்கள் 'இல்லை' சொல்வதில்லை. புலும்.
இல்லை என்ற சொல்லுக்குள் ஒரு கதவைத் திறந்தே வைப்பது.
தாளில் தேடுகிறேன். கடைசி வரியில் இருக்கிறது,
இடப்பக்கம் கோடுகூட இல்லாமல்.
எழுத மறந்தாளோ, கேட்டு எழுதலாம் என்று விட்டாளோ.

கம்ப்ரசர் இருமுகிறது. டீசல் ஊற்றுகிறேன்.
விரலுக்குள் ரப்பர் அசைகிறது, ஒருமுறை.
அதற்குமேல் எண்ணாமல்
ஒரு முழம் விட்டுக்கொடுக்கிறேன்.